பங்களாவுக்குக் கீழே எங்கள் முகவரி

“இப்படி ஓர் அழகான இடத்தில் வாழ்வதற்கு நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள்.”

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு காலை நேரம், நான் வேலை செய்யும் பங்களாவின் விறாந்தையில் நின்றுகொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மா இப்படிச் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையாக இருந்தவராம். கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல் பனிப்புகார் மெல்ல மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் சிவனொளிபாதமலை தெரிந்தது. அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பங்களாவின் சமையற்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். நான் கையில் துவைத்த படுக்கை விரிப்புகளோடு நின்றேன். சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்த அம்மா நல்லவர். என்னைத் தன் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். “ஊருக்குப் போய் இதை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் முகவரி என்ன?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. சமையற்காரர் குறுக்கிட்டு, “பங்களா முகவரிக்கே அனுப்பச் சொல்லலாம் அக்கா” என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

தோழிகளே, இந்தப் பக்கங்களை வாசிக்கும் உங்களில் பலரும் என்னைப்போல் ஊர்விட்டு ஊர் அலைந்தவர்கள். ஆகவே அந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

நான் பிறந்தது 1969இல், இதே நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில். அப்பா, அம்மா இருவரும் மலையில் பேர்பதிந்து வேலை செய்தவர்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்தின்போது எனக்கு எட்டு வயது. பக்கத்துத் தோட்டத்தில் லயங்களுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த இரவில், அம்மா எங்களைத் தேயிலைச் செடிகளுக்கு இடையில் படுக்க வைத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு இங்கே இருக்க மனமில்லை. அன்றைக்கு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் ஏராளம். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்த உதவின. நாங்கள் முதலில் வவுனியாவில் இருந்து, பின்பு தர்மபுரத்துக்குப் போனோம். காடு வெட்டி, கிணறு தோண்டி, நிலக்கடலையும் மிளகாயும் போட்டோம். வெயிலுக்குப் பழகாத அம்மா முதல் வருடம் முழுக்க “குளிரு வேணும், குளிரு வேணும்” என்று அழுதார். பிறகு பழகிவிட்டார்.

அங்கேதான் எனக்குத் திருமணம் நடந்தது. என் கணவரும் மலையகத்திலிருந்து போனவரின் மகன்தான். அவருடைய பெயரில் அரை ஏக்கர் காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 1994இல் மகள் பிறந்தாள். 2009 ஏப்ரலில் மாத்தளனில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அதை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

மெனிக் பாமில் இருந்த காலத்தில் என்னிடம் இருந்த சொத்து ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் என் அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், அந்தக் காணிப் பத்திரம் ஆகிய மூன்றும் இருந்தன. 2010இல் தர்மபுரத்துக்குத் திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. அடுத்த வருடம் நோர்வூட்டில் இருந்த சின்னம்மா ஆள் அனுப்பினார். “பொம்பளப்புள்ளய வச்சிக்கிட்டு அங்க என்னா செய்யப் போற? இங்க வா. இருக்கிறத சேந்து குடிப்போம்” என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி. அப்பா விட்டுப்போன மலைக்கு முப்பத்து நான்கு வருடம் கழித்து நான் திரும்பி வந்தேன்.

திரும்பி வந்து பார்த்த ஊர் இரண்டு ஊராக இருந்தது.

ஒன்று, மேலே இருக்கும் ஊர். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று போகும் பாதையில் பஸ்ஸின் ஜன்னலால் பார்த்தால் மேட்டில் வெள்ளைச் சுவரும் பெரிய புகைக்கூண்டும் கொண்ட பங்களாக்கள் தெரியும். முன்னால் ஒழுங்காக வெட்டிய புல்தரை, ரோஜாப் பாத்திகள், பின்னால் சவுக்கு மரங்கள். வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்குக் கட்டிக்கொண்டவை. முன்பு இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் அதை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் போட்ட தேயிலை மெல்ல மெல்ல மலை முழுவதும் பரவியது. 1884இல் ரயில் அட்டனுக்கு வந்தது. துரைமாரின் விளையாட்டுக்கும் கூடிப் பேசுவதற்கும் நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப் தொடங்கப்பட்டது. கோல்ஃப் மைதானம், குதிரைப் பந்தயம் எல்லாம் வந்தன. இன்றும் ஏப்ரல் மாதம் ஆனால் கொழும்புப் பணக்காரர்கள் குளிருக்காக நுவரெலியாவில் வந்து குவிகிறார்கள்.

துரைமார் போன பிறகு, 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. 2005இல் டில்மா தேயிலை நிறுவனத்தினர் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த சில பழைய பங்களாக்களைப் புதுப்பித்து உல்லாச விடுதிகளாகத் திறந்தார்கள். அதைப் பார்த்து வேறு பலரும் பழைய பங்களாக்களை விடுதிகளாக மாற்றினார்கள். சிலர் காணி வாங்கிப் புதிதாக விடுமுறை வீடுகளும் கட்டினார்கள். நான் வேலை செய்வது வேறொருவருடைய சிறிய பங்களாவில். பெயர் இங்கே தேவையில்லை.

இரண்டாவது, கீழே இருக்கும் ஊர். பங்களா வாசலிலிருந்து படிக்கட்டில் இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் எங்கள் லயம். முதுகோடு முதுகு ஒட்டிய பன்னிரண்டு காம்பிராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, அதிலேயே அடுப்பு. தகரக் கூரையின் மேல் கல் வைத்திருப்பார்கள், காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. சின்னம்மா, அவருடைய மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான், என் மகள் என்று ஏழு பேர் அந்த ஒரு காம்பிராவில் இருந்தோம். இரவில் தம்பி இஸ்தோப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு படுப்பான்.

பங்களாவில் என் வேலை அறைகளைத் துப்புரவாக்குவதும் துணிகளைத் துவைத்து இஸ்திரிக்கை போடுவதும். இரவில் விருந்தினர் படுக்கப் போகுமுன், ஒவ்வொரு கட்டிலிலும் போர்வைக்கு அடியில் சுடுதண்ணீர்ப் பை வைக்க வேண்டும். குளிருக்கு அவர்களுடைய கால் சூடாக இருக்கும். அதை வைத்துவிட்டுத்தான் நான் டோர்ச் வெளிச்சத்தில் வீட்டுக்கு இறங்குவேன். பொறாமையில் இதைச் சொல்லவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது. மழையில் அட்டைக்கடியோடு கொழுந்து எடுக்கும் தம்பி மனைவியைவிட என் வேலை இலகுவானது. விருந்தினர்களும் பெரும்பாலும் மரியாதையானவர்கள்.

ஆனாலும் மேலே உள்ள அதே மலைதான் கீழேயும் தெரிகிறது. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசி விசாகம் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் பருவத்தில், மலைப் பாதையில் விளக்குகள் வரிசையாக எரியும். அதைப் பார்க்க விருந்தினர்கள் பெரிய பணம் கட்டி வந்து விறாந்தையில் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டே பார்ப்பார்கள். அழகில் ஒரு குறையும் இல்லை. அந்த வெள்ளைக்கார அம்மா சொன்னது பொய்யில்லை.

அதே வருடம் மார்ச் மாதம்தான் எனக்கு உறைத்தது.

மகள் உயர்தரம் பாஸ் பண்ணி, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். மெனிக் பாமில் காயப்பட்டவர்களைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. விண்ணப்பத்தில் பெயர், லயத்தின் இலக்கம், தோட்டத்தின் பெயர், டிவிஷன், நோர்வூட் என்று எல்லாம் அவளே அழகாக எழுதினாள். தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், “கடிதம் ஏதும் வந்ததா?” என்று கேட்பாள்.

இங்கே தபால் வருகிற முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. தோட்டத்து ஆள் ஒருவர் நோர்வூட் தபால் கந்தோருக்குப் போய்ப் பையை எடுத்து வந்து தோட்டக் கந்தோரில் கொடுப்பார். அங்கே முதலில் கந்தோர்க் கடிதங்களைப் பிரிப்பார்கள். பிறகு பங்களாக் கடிதங்கள். அவை அன்றைக்கே மேலே போய்விடும். லயத்துக் கடிதங்களைக் கட்டாகக் கட்டி ஒரு மூலையில் வைப்பார்கள். யாராவது கந்தோர்ப் பக்கம் போனால் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், கூலிக்காரனுக்கு வரும் கடிதம் துரையின் கைக்கு வந்து, அங்கிருந்துதான் அவனுக்குப் போக வேண்டும் என்று வைத்த வழக்கம். துரை போனார். வழக்கம் போகவில்லை.

மகளின் கடிதம் மார்ச் 23ஆம் திகதி தம்பியின் கையில் கிடைத்தது. நேர்முகத் தேர்வு மார்ச் 14ஆம் திகதி. உறையின் மேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். மார்ச் 3ஆம் திகதியே கடிதம் நோர்வூட்டுக்கு வந்திருக்கிறது. இருபது நாட்கள் அது ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

மகள் அழவில்லை. கடிதத்தை நான்காக மடித்து அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. எறிகணைக்கும் முள்ளுக்கம்பிக்கும் தப்பி வந்த பிள்ளை, ஒரு கடிதக் கட்டுக்கு அகப்பட்டுவிட்டதே என்று நான்தான் குழாயடியில் இருந்து அழுதேன்.

அதே கிழமையில் பங்களாவுக்கு எனக்கொரு உறை வந்தது. இங்கிலாந்திலிருந்து. அந்த அம்மா எடுத்த படம். முகவரியில் என் பெயரின் பாதியும் பங்களாவின் பெயரும் நோர்வூட்டும் மட்டுந்தான். என் பெயரிலும் இரண்டு எழுத்துப் பிழை. ஆனாலும் ஏழு கடல் தாண்டி வந்து, பங்களாக் குசினி மேசையில் எனக்காகக் காத்திருந்தது. கொழும்பிலிருந்து, சரியான பெயரோடும் இலக்கத்தோடும் வந்த மகளின் கடிதம் கால் மணி நேரத் தூரத்தைத் தாண்ட இருபது நாள் எடுத்தது.

பங்களா மெனேஜர் விஷயத்தைக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார். “இனி மகளுடைய கடிதங்களை இந்த முகவரிக்கே வரச் சொல்லுங்கள். நான் பொறுப்பு” என்றார். எனக்குப் பெரிய ஆறுதல். வீட்டுக்கு ஓடிப்போய் மகளிடம் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை.

“ஏனம்மா, நாங்க இருக்கிற இடத்துக்குத்தானே கடிதம் வரவேணும்? நாளைக்கு உங்களுக்கு அங்க வேலை இல்லையென்றால் நான் யாருடைய முகவரியைக் கடன் கேட்கிறது?”

“அதெல்லாம் பேசச் சரி. இப்ப உனக்கு உத்தியோகம் முக்கியமா, ரோசம் முக்கியமா?” என்று நான் கத்தினேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. சின்னம்மாதான் நடுவில் நின்றார். “அவ சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான். அவசரத்துக்கு பங்களா அட்ரச குடு. ஆனா இங்கயும் வரணும்னு கேளு. கேக்காம எவன் குடுப்பான்?” என்றார்.

சின்னம்மாவுக்கு இதில் அனுபவம் உண்டு. அவர் பிறந்து சில வருடங்களில், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் எங்கள் சனங்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எங்களை எண்ணிப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் என் தாய்மாமா கோத்தகிரிக்குப் போனார். நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஊட்டியிலும் இப்படித்தான், மேலே பங்களா, கீழே லயம் என்று எழுதுவார். அங்கே அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்பார்களாம். இங்கே எங்களை ‘இந்தியாக்காரர்’ என்பார்கள். சின்னம்மாவின் குடும்பம் எந்தப் பத்திரமும் இல்லாமலே வாழ்ந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பிரசாவுரிமை பெற்றது. ஐம்பத்தைந்து வயது தாண்டித்தான் அவர் முதல் முறையாக வாக்களித்தார்.

மகள் லயம் லயமாகப் போனாள். கடிதம் பிந்தி வந்ததால் வேலை போனவர்கள், அடகு வைத்த நகை ஏலத்தில் போனவர்கள், கிளினிக் திகதி தவறியவர்கள் என்று எல்லாரையும் விசாரித்து ஒரு கொப்பியில் எழுதினாள். இருபத்தாறு குடும்பங்கள் தேறின. வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் கடிதத்தை ஐந்து மாதம் கழித்து வாங்கிய தாய் ஒருவரும் அதில் இருந்தார். ஒரு சனிக்கிழமை நாங்கள் பதினோரு பெண்கள் அந்தக் கொப்பியோடு தபால் கந்தோருக்குப் போனோம். பயமாகத்தான் இருந்தது. சண்டை பிடிக்கவில்லை. “எங்கள் கடிதங்களைப் பையில் போட வேண்டாம். இங்கேயே வைத்திருங்கள். நாங்களே வந்து கையெழுத்து வைத்து எடுக்கிறோம்” என்று கேட்டோம். தபாலதிபர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். எல்லாரும் தனித்தனியாக எழுதிக் கையொப்பம் வைத்துத் தாருங்கள் என்றார். கையொப்பம் வைக்கத் தெரியாத ஆறு பேருக்கு மகள் ஒரு கிழமையில் எழுதப் பழக்கினாள். அன்றிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் முறை வைத்துப் போய் எங்கள் கடிதங்களை எடுத்து வந்தார்கள்.

பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு அந்தத் தாதியர் பயிற்சி கிடைக்கவே இல்லை. அவள் பிறகு ஆசிரியைத் தொழிலுக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக் கடிதம் உரிய நேரத்தில் கிடைத்தது. இன்று மலையகப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறாள். நல்ல ஆசிரியை என்கிறார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகளை அவள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும்.

கடிதம் ஏன் லயத்துக்கு வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தால், அந்த வீடு எங்களுடையது இல்லை என்பதுதான் அடிக்காரணம். வேலை இருக்கும்வரை இருக்கலாம். காணி தோட்டத்துடையது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில்கூடத் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். எங்கள் பாதையும் கானும் விளக்கும் அதுவரை யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற பேச்சு வந்தபோது சின்னம்மா நம்பவில்லை. இந்திய உதவித் திட்டத்தில் எங்கள் பக்கத்திலும் சில வீடுகள் கட்டினார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் 2018இல் ஒரு வீடு கிடைத்தது. ஐந்நூற்றைம்பது சதுர அடி. இரண்டு அறை, குசினி, உள்ளேயே கழிப்பறை. ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. பங்களாவின் ரோஜாப் பாத்திகளே அதைவிடப் பெரிது. ஆனால் இந்த வீட்டின் கதவில் ஒரு இலக்கம் இருந்தது. பதிவில் தம்பியின் பெயரோடு அவன் மனைவியின் பெயரையும் போட வேண்டும் என்று சின்னம்மா ஒற்றைக்காலில் நின்றார். “கொழுந்து எடுத்து முதுகு வளைஞ்சது அவளுக்கு” என்றார். என்னையும் மகளையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனார்கள்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ஒரு நாள் காலை தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். வீட்டு இலக்கத்தைப் பார்த்தார். சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாக்காளர் அட்டை. சின்னம்மாவின் பெயருக்கு, அவருடைய வாசலுக்கு வந்த முதல் தபால் அதுதான். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார். பிறகு சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தார். வாக்குப் போடும் நாளில்கூட அதை எடுக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. வீடு கிடைக்காத குடும்பங்களே அதிகம். 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. மலையகத்தில் மண்சரிவு ஊர் ஊராக அடித்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துச் சனங்கள் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று எழுத வந்தவர்களிடம் ஒரு பாட்டி, “எழுது தம்பி, பேரை எழுது, பேரை விட்றாத” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் துரைமார்களின் கல்லறைகள். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம் எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டனைத் தேயிலைத் தூருக்கடியில் புதைத்தார்கள். எந்தத் தூர் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தப் பாட்டி பேரை விடாதே என்றாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் காணி விஷயம். தர்மபுரத்து அரை ஏக்கர் அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்தால் காரியம் முடியும் என்றார்கள். எப்படி எழுதிக் கொடுப்பேன்? உங்களில் பலருக்கும் இதே தடுமாற்றம் இருந்திருக்கும். 2016இல் ஒரு சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாதவர்கள், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று காட்டும் சான்றிதழை எடுக்கலாம். நான் எடுத்தேன். அதைக் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் பல தரம் ஏறி இறங்கினேன். அரச காணிகளில் உரித்துக்காரரைத் தீர்மானிக்கும்போது ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்திருந்த பழைய சட்டத்தையும் 2022இல் திருத்தினார்கள். இனி மகள் என்பதற்காக ஒரு பிள்ளையைப் பின்னால் நிறுத்த முடியாது. இன்று என் கோரிக்கை எழுத்தில் ஏறியிருக்கிறது. மகளின் பெயரும் அதில் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை போய் வேலியைச் சரிபார்த்து, இரண்டு தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

தோழிகளே, பசுமையும் குளிரும் நல்ல காட்சியும் உள்ள இடத்தை நல்ல இடம் என்கிறார்கள். நான் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறேன். ஆனால் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்து சேராத இடத்தில் நான் குடியிருப்பவள் இல்லை, தங்கியிருப்பவள் மட்டுந்தான் என்பதை அந்த இருபது நாட்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள். வீட்டுப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்பிள்ளைகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். பத்திரங்களில் ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் பதினோரு பேராகப் போங்கள்.

அந்த வெள்ளைக்கார அம்மா திரும்ப வரவில்லை. வந்தால் முகவரி கேட்பார். இந்த முறை சமையற்காரர் குறுக்கிடத் தேவையில்லை. வீட்டு இலக்கத்தை நானே எழுதிக் கொடுப்பேன்.